கோட்டின் மேல் விழுந்த பந்து

போன ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் என் மகள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மருமகன் டி.வி.யில் கோல்ஃப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல், நடுவில் ஒரு ஆள், கையில் ஒரு தடி, முட்டை அளவுக்கு ஒரு பந்து. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சும்மா இருக்கவும் முடியாமல், "இதுக்கு அம்பயரு எங்கீங்க நிப்பாரு?" என்று கேட்டேன்.

"பெரும்பாலும் ஆடறவரே தன்னோட தப்பச் சொல்லிக்கோணும் மாமா" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். சில வருடங்களுக்கு முன்புவரை, வீட்டில் டி.வி. பார்க்கிறவர்கள் போன் போட்டு, 'அவர் தொட்டதில் பந்து அசைந்தது, நான் பார்த்தேன்' என்று சொல்வார்களாம். அதைக் கேட்டு ஆட்டக்காரருக்குத் தண்டனை போடுவார்களாம். சில சமயம் ஆட்டம் முடிந்து மறுநாள்கூட. இப்போது அப்படி வரும் போன்களைக் கேட்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார்களாம். வெறும் கண்ணுக்குத் தெரியாமல் காமிராவுக்கு மட்டும் தெரிகிற சில அசைவுகளைத் தப்பாகவே எடுத்துக்கொள்வதில்லையாம்.

"பாக்கறவன் சொல்றதயெல்லாம் கேட்டா ஆட்டம் நடக்குமுங்களா மாமா?" என்று கேட்டுவிட்டு அவர் மறுபடி டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டார். என் கையிலிருந்த காப்பி ஆறிப்போனது. மகள் வந்து எடுத்துக்கொண்டு போனாள்.

நீ போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது, மாப்ளே. இதை உன்னிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று யோசிக்கிறேன். ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாய் என்றுதான் தோன்றுகிறது. உன் பேச்சு எனக்கு நின்றுபோய் எத்தனையோ காலமாகிவிட்டது. இந்த மடலில் மட்டும் பழையபடி உன்னை 'நீ' என்று எழுதிக்கொள்கிறேன். பொறுத்துக்கொள்.

நாம் இருவரும் சைக்கிளில் ஊர் ஊராகப் போன வருடங்கள் எழுபதுகளின் நடுவில். நீ அப்போதுதான் தனியார் பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்திருந்தாய். நான் மல்லசமுத்திரத்தில் ஒரு சந்துக்குள் போட்டோ ஸ்டூடியோ திறந்திருந்தேன். சேலத்துக்குப் போய் வாலிபால் ரெஃப்ரி பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிய அன்றைக்கு, வெள்ளைப் பேண்ட்டும் வெள்ளைச் சட்டையுமாக என் ஸ்டூடியோவுக்கு வந்து நின்றாய். "மாப்ளே, விசில் தெரியற மாதிரி எடு" என்றாய். வாரம் முழுக்கப் பஸ்ஸில் விசில் ஊதுகிறவன், லீவு நாளிலும் போய் விசில் ஊதுகிறானே என்று உன் அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

ஜேடர்பாளையத்தில் ஆற்று மணலை ஒட்டி ஒரு மேட்ச் நடந்தது. ஏணி மாதிரி ஒரு ஸ்டாண்டு கட்டி, அதன் மேல் நீ நின்றிருந்தாய். ஒரு பந்து தடுக்கிறவனின் கையைத் தாண்டி வெளியே போய் விழுந்தது. நீ 'அவுட்' காட்டினாய். கூட்டம் மொத்தமும் "டச்சு! டச்சு!" என்று கத்தியது. கடலைக்காய் விற்றுக்கொண்டிருந்த அம்மாள்கூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "வெரல்ல பட்டுதுங்க சாமி, நான் பாத்தேன்" என்றார். நீ கீழே இறங்கிப் போனாய். தடுத்த பையன் முன்னால் நின்று, "தம்பி, உன்ற வெரல்ல பட்டுச்சா?" என்று மட்டும் கேட்டாய். அவன் தரையைப் பார்த்தான். அப்புறம் "பட்டுச்சுங்க" என்றான். தீர்ப்பை மாற்றினாய்.

திரும்பி வரும்போது சைக்கிளை மிதித்துக்கொண்டே நான் கேட்டேன்: "அப்ப கூட்டம் சொல்லித்தான மாப்ளே மாத்துன?"

"கூட்டம் சொன்னா காதுல வாங்கிக்குவேன். மாத்துனது அவன் சொன்னதுனால."

"அவன் பொய் சொல்லியிருந்தா?"

"சொல்லட்டும். நான் தப்பா ஊதுனா அது நான் ஊதுன தப்பு. ஊரே சேந்து ஊதுனா, அது யாரு தப்புன்னு யாரைப் போய்க் கேக்கறது?"

அன்றைக்கு இதைப் பெரிய பேச்சாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. எதிர்க்காற்று அடித்துக்கொண்டிருந்தது. வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது.

எண்பதுகளின் நடுவில் நான் வீடியோ காமிரா வாங்கினேன். தோளில் ஒரு பாரம், இடுப்பில் ஒரு பாரம் என்று அதைத் தூக்கிக்கொண்டு நடப்பதே ஒரு வேலை. ஆனால் நான் போகிற தெருவில் எல்லாரும் நின்று பார்த்தார்கள். அந்தப் பக்கத்திலேயே முதல் வீடியோக்காரன் நான்தான். அந்தக் கர்வம் எனக்கு இருந்தது. இல்லை என்று இப்போது சொல்லி என்ன பயன்?

அந்தத் தைப் பொங்கலுக்கு எங்கள் ஊரில் வாலிபால் போட்டி வைத்தார்கள். கோப்பை கொடுத்தவர் நான்கு ரிக் வண்டி வைத்திருந்த ஒரு முதலாளி. போர் போடும் தொழிலில் வேகமாக மேலே வந்தவர். அவருடைய பேரில் ஒரு டீமும் இருந்தது. பனியனெல்லாம் புதுசு. இறுதி ஆட்டத்தில் அவர்களுக்கு எதிராக வந்து நின்றவர்கள், கிணறு வெட்டவும் காடு தோட்ட வேலைக்கும் போகிற ஆறு பையன்கள். பாதிப் பேருக்குக் காலில் செருப்புகூட இல்லை. கேப்டன் பெயர் சின்ராசு. யாரும் எதிர்பார்க்கவில்லை, ஐந்தாவது செட் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

முதலாளி கேட்டுக்கொண்டதால் ஒரு லாரியின் கேபின் மேல் ஏறி நின்று நான் படம் எடுத்தேன். நீ மைதானத்தின் எதிர்ப்பக்கம், ஸ்டாண்டு மேல் இருந்தாய். பதினான்குக்குப் பதின்மூன்று. சின்ராசு டீம் ஒரு பாயிண்ட் முன்னால், சர்வீஸும் அவர்கள் கையில். திரும்பி வந்த பந்தை அவன் எகிறி அடித்தான். உன் பக்கத்துக் கோட்டோரம், கடைசியில் போய் விழுந்தது. அந்த மூலையில் கொடி பிடித்து நின்றவர் சூரியன் கண்ணில் அடித்ததால் பார்க்கவில்லை என்று கையைக் குறுக்கே கட்டிக் காட்டினார். நீ ஒரு நொடி அந்த இடத்தையே பார்த்தாய். பிறகு விசில் ஊதி, உள்ளங்கையைத் தரைக்குக் காட்டினாய். உள்ளே. ஆட்டம் முடிந்தது.

பையன்கள் உன் ஸ்டாண்டைச் சுற்றி ஆடினார்கள். முதலாளி முகம் சுருங்கினாலும் கோப்பையைக் கொடுத்துவிட்டுத்தான் போனார். அந்த அளவில் முடிந்திருக்க வேண்டியது.

மறுநாள் காலை ஸ்டூடியோவில் நான் கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். பத்துப் பதினைந்து பேர் வாசலில் கூடிவிட்டார்கள். கடைசிப் பந்து வந்ததும் நிறுத்தினேன். ஒவ்வொரு படமாக நகர்த்தினேன். கோட்டைத் தாண்டி, நன்றாகத் தாண்டி, பந்து தெரிந்தது. "வெளியே!" என்று கத்தினேன். முதலில் கத்தியது நான்தான் மாப்ளே. வாசலில் நின்றவர்கள் என் பின்னால்தான் கத்தினார்கள். நான் கத்தியது உனக்கு எதிராக என்று அந்த நிமிடம் எனக்கு உறைக்கவேயில்லை. என் பெட்டி எவ்வளவு துல்லியமாகக் காட்டுகிறது என்பதுதான் சந்தோஷமாக இருந்தது.

மத்தியானத்துக்குள் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. மேட்சுக்கே வராதவர்கள் வந்து பார்த்தார்கள். திருச்செங்கோட்டிலிருந்துகூட இரண்டு பேர் வந்தார்கள். நானும் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினேன். ஏழெட்டுத் தடவை ஆன பிறகுதான் அந்த நிழலைக் கவனித்தேன். நிறுத்தி வைத்த படத்தில், பந்து ஒரு இடத்திலும் அதன் நிழல் இன்னொரு இடத்திலும் இருந்தது. நடுவில் இடைவெளி. தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிற பந்தின் நிழல் பந்தோடு ஒட்டியல்லவா இருக்க வேண்டும்? அப்படியானால் அந்தப் படத்தில் பந்து தரையில் இல்லை, அந்தரத்தில் இருக்கிறது. அடுத்த படத்தில் பட்டு எழும்பிவிட்டது. தரையைத் தொட்ட அந்தக் கணம் என் கேசட்டில் விழவேயில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, விடிந்தும் விடியாமலும், ஸ்டூடியோ ஏணியையும் காமிராவையும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். சுண்ணாம்புக் கோடு இன்னும் அழியாமல் இருந்தது. கோட்டின் மேல் ஒரு செங்கல்லை நிறுத்தி, அதன் மேல் பந்தை வைத்தேன். லாரி நின்ற இடத்தில் ஏணியைப் போட்டு மேலே ஏறி, காமிராவுக்குள் பார்த்தேன். கோட்டுக்கு நேர் மேலே இருந்த பந்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு முழம் தள்ளித் தெரிந்தது. எதிர்ப்பக்கம் உயரத்திலிருந்து பார்த்தால் அந்தரத்தில் இருக்கிற எதுவும் தள்ளித்தான் தெரியும். பத்து வருடம் போட்டோ எடுத்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீ கோட்டுக்கு நேர் மேலே நின்றிருந்தாய். நீ பார்த்ததுதான் சரியாக இருக்க வேண்டும்.

செங்கல்லைத் தூக்கி வேலியோரம் போட்டேன். பந்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை உனக்கு ஓய்வு நாள். மத்தியானம் முதலாளி வீட்டுக்கு உன்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கலர் டி.வி.யைக் கூடத்தில் வைத்திருந்தார்கள். கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர். மற்றபடி நாற்பது ஐம்பது பேர் ஜன்னலிலும் கதவிலும் நின்றார்கள். கேசட்டைப் போட்டவன் நான். நீ நாற்காலியில் உட்காராமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றபடியே பார்த்தாய்.

"இப்ப என்ன சொல்றீங்க?" என்று முதலாளி கேட்டார். குரலில் கோபம் இல்லை. அவர் கெட்ட மனிதர் இல்லை. கண்ணால் பார்ப்பதை நம்பினார், அவ்வளவுதான்.

"நான் பாத்தது இதுல இல்லீங்க" என்றாய்.

"ஊரே பாக்குதுங்க. உங்களுக்கு மட்டும் தெரியலீங்களா?"

"கோட்டுல பட்டுச் சுண்ணாம்பு பறந்துச்சுங்க. நான் பாத்தேன். அதுக்குத்தான் விசில் ஊதுனேன்."

கமிட்டியில் ஒருவர், தப்பாக ஊதிவிட்டேன் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், விஷயம் முடிந்துவிடும் என்றார். நீ தலையை ஆட்டினாய், முடியாது என்று. அப்போதுதான் கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்: "வீடியோக்காரர் அவருக்கு ஒறவு மாதிரி. அவரையே கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நீயும் பார்த்தாய். முதலாளி வீட்டில் அடுத்த மாதம் கல்யாணம், அந்த வீடியோ எனக்கென்று பேசி வைத்திருந்தது. ஆனால் அதற்காக நான் வாயை மூடிக்கொண்டேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. என் பெட்டி காட்டுவது பொய் என்று நானே எப்படிச் சொல்வேன்? நாளைக்கு எவன் என்னைக் கூப்பிடுவான்? தெருவில் எவன் நின்று பார்ப்பான்? "படத்துல இருக்கறதுதானுங்க இருக்குது" என்றேன்.

நீ "வாரேனுங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாய்.

இரண்டு நாளில் சின்ராசுவும் பையன்களும் கோப்பையை ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கமிட்டிக்காரர் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். யாரும் பிடுங்கவில்லை. ஆனால் காடு தோட்டங்களில் வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் ஒவ்வொருவராக, கோப்பையை எப்போது திருப்பித் தருவீர்கள் என்று கேட்க ஆரம்பித்தால் அவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

உன் நிலை அதைவிட மோசம். படம் பார்த்த ஊர் மொத்தமும் உன் பஸ்ஸில்தான் ஏறி இறங்க வேண்டும். "கண்டக்டரே, படிக்கட்டு தெரியுதுங்களா? உள்ளயா வெளியயா?" என்று இளவட்டங்கள் கேட்கும். நீ விசில் ஊதினால் பின் சீட்டிலிருந்து "அவுட்டு!" என்று ஒரு குரல் வரும். பஸ்ஸே சிரிக்கும். நீ டிக்கெட் கிழித்துக்கொண்டே இருப்பாய். ரெஃப்ரி வேலைக்கு உன்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டாய்.

ஒரு மாதம் கழித்து நான் உன் பஸ்ஸில் ஏறினேன். உன்னோடு பேசிவிட வேண்டும் என்றுதான் ஏறினேன். நீ என் சீட்டுக்கு வந்தாய். டிக்கெட் கட்டைப் பார்த்துக்கொண்டே, "எங்கீங்க போறீங்க?" என்று கேட்டாய்.

நம் ஊரில் குழந்தையிடம்கூட 'ங்க' போட்டுப் பேசுவோம். அந்த மரியாதை யாரையும் தள்ளி வைக்காது. ஆனால் பத்துப் பதினைந்து வருடம் என்னை 'மாப்ளே, வாடா போடா' என்றவன் அன்றைக்கு என்னை 'நீங்க' ஆக்கிவிட்டாய். "ராசிபுரம்" என்றேன். கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டாய். ராசிபுரத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. இறங்கி, அடுத்த பஸ் பிடித்துத் திரும்பி வந்தேன்.

அந்த வருடமே நீ கேட்டு வாங்கிக்கொண்டு மேட்டூர் ரூட்டுக்குப் போய்விட்டாய். குடும்பத்தையும் அங்கேயே கூட்டிக்கொண்டாய். எண்பதுகள் முடிகிற சமயம் ஒரு கல்யாண வீடியோவுக்காக நான் மேட்டூர் வந்தேன். பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்தேன். வண்டி கிளம்பப் பத்து நிமிடம் இருந்தது. காதோரம் நரைத்திருந்தது உனக்கு. நான் எல்லாவற்றையும் கொட்டினேன்: நிழல், செங்கல், ஏணி. "பந்து உள்ளதான் மாப்ளே உழுந்துச்சு. எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றேன்.

நீ டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாய்: "தெரியுமுங்க. செவ்வாக்கெழமை மொத ட்ரிப்புல வாரப்ப, நீங்க ஏணி மேல நின்னு பாத்துட்டு இருந்தீங்க. செங்கல்லு மேல பந்து இருந்துச்சு. பஸ்ஸுல இருந்து நான் பாத்தேனுங்க."

"அப்ப அந்தக் கூடத்துல ஏன் மாப்ளே சொல்லல? நீ பாத்ததச் சொல்லியிருந்தா நான் மாட்டியிருப்பனே?"

"அது நீங்க சொல்ல வேண்டியதுங்க."

"ஜேடர்பாளையத்துல அந்தப் பையனக் கேட்டியே. என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்ல?"

"அவன் ஆருன்னே எனக்குத் தெரியாதுங்க. அதனால கேட்டேன். உங்களக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கோணும்னு நான் நெனைக்கலீங்க."

டிரைவர் ஹாரன் அடித்தார். நீ போய் ஏறிக்கொண்டாய்.

ஊருக்குத் திரும்பியதும் முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கு உறுதியாக நினைத்தேன். போகவில்லை. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளினேன். அவரும் ஒரு நாள் போய்விட்டார். சொல்வதற்கு இனி யார் இருக்கிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நீ இறந்த செய்தி வந்ததும் மேட்டூருக்கு வந்தேன். பந்தலில் நம் ஊர்க்காரர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். "நெம்ப நல்ல மனுசனுங்க. அந்த ஒரு பைனல்ல மட்டும்தான் தப்பா ஊதிட்டாரு" என்றார் ஒருவர், இரக்கத்தோடு. நான் எழுந்து நின்றேன். "இல்லீங்க. அவரு சரியாத்தான் ஊதுனாரு. தப்பு என்மேலதானுங்க" என்று ஆரம்பித்து, முழுவதையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் இளையவர்கள் எந்த மேட்ச் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். தூரத்து நாற்காலியிலிருந்து தலை நரைத்த ஒருவர் எழுந்து வந்தார். சின்ராசு.

"கோட்டுல பட்டது எங்களுக்குத் தெரியுமுங்க. அடிச்சவன் நானு" என்றார். "நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமுங்க." அவ்வளவுதான். போய் உட்கார்ந்துகொண்டார்.

பார்க்கிறவர்கள் தீர்ப்பில் தலையிடலாமா கூடாதா என்று என் மருமகன் கேட்கிறார். எனக்குத் தெரியவில்லை மாப்ளே. கடலைக்காய் விற்ற அம்மாள் பார்த்தது நிஜம். நானும்தான் பார்த்தேன், ஏணி மேல் ஏறி நின்று, தெளிவாக. பார்க்காததைச் சொல்வதற்கு அத்தனை பேர் இருந்தார்கள். பார்த்ததைச் சொல்ல வேண்டிய ஒருவன் சொல்லவில்லை. உன் ரெஃப்ரி புத்தகத்தில் இதற்கு விதி ஏதாவது இருந்ததா?

கிளம்பும்போது உன் வீட்டுக்குள் போய் உன் மனைவியிடம் சொல்லிக்கொண்டேன். உங்கள் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவன் என்பதால் முகம் மறந்திருக்கவில்லை. "தங்கச்சி, அவன் என்மேல நெம்பக் கோவமா இருந்தானாம்மா?" என்று கேட்டேன். என் வயதில் அதைக் கேட்டிருக்கக் கூடாது.

"இல்லீங்கண்ணா. ஒரு நாளும் உங்களக் கொறையாப் பேசுனதில்லீங்க" என்றது. முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றது தங்கச்சி. பொய் சொல்லி எனக்கு ஆறுதல் தர மனசு வரவில்லை போலிருக்கிறது.

"உங்களப் பத்திப் பேசுனதே இல்லீங்கண்ணா."

மூன்று மாதமாக அந்த ஒரு வார்த்தையோடுதான் எழுந்திருக்கிறேன், அதோடுதான் படுக்கிறேன்.